கீழ் இரண்டு வரிசை

பதினோரு வயதில் எனக்கு என் அம்மாவின் மேல் பொறாமை வந்தது. அக்கா, தம்பி என்று யாராவது இருந்திருந்தால் அவர்கள் மேல் பட்டுத் தொலைத்திருப்பேன். நான் ஒற்றைப் பிள்ளை. பொறாமைப்பட வீட்டில் வேறு ஆள் இல்லாததால் அது அம்மாவின் தலையில் விழுந்தது என்று இப்போது வேடிக்கையாகச் சொல்லிக்கொள்கிறேன். அப்போது வேடிக்கையாக இல்லை. ஒரு துருப்பிடித்த சாவிக்காக நான் அம்மாவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். அந்தச் சாவியைக் கையால் தொடக்கூட முடியாது. அது செல்போனுக்குள் இருந்தது.

அந்த வருஷப் பொங்கலுக்கு வந்த மாமா, அம்மாவின் தம்பி, அம்மாவின் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் நெட் உள்ள போன் அது ஒன்றுதான். நைனாவிடம் பட்டன் போன் இருந்தது. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். விளையாட்டுக்கு ஏதோ நீளமான இங்கிலீஷ் பெயர். நாங்கள் பள்ளிக்கூடத்தில் காட்டு ஆட்டம் என்போம்.

அதில் பச்சைக் குல்லா போட்ட ஒரு குட்டி ஆள் வருவான். போனை வைத்துக்கொண்டு நாம் எங்கே போகிறோமோ அங்கே அவனும் காட்டுக்குள் நடப்பான். நாம் நின்ற இடத்தில் அவன் காலடியில் பொருள்கள் முளைக்கும். விரலால் தொட்டால் பைக்குள் போய்விடும். பையில் ஆறு வரிசை, வரிசைக்கு ஆறு கட்டம். காட்டோரத்தில் ஒரு கொல்லன் பட்டறை உண்டு. எடுத்ததைக் கொண்டுபோய்ப் பட்டறையில் வைத்துத் தட்டினால் வேறொன்று கிடைக்கும். குச்சியும் தோலும் சேர்த்தால் வில். ஆந்தை இறகும் கொடியும் சேர்த்தால் தொப்பி.

இவை தவிர எதற்கும் உதவாத பொருள்கள் சிலவும் கிடைக்கும். துருப்பிடித்த சாவி, நாக்கில்லாத மணி, காது உடைந்த யானை, ஒற்றைக் கண் பொம்மை. இவற்றைச் சுற்றித் தங்கக் கோடு போட்டிருப்பார்கள். எந்தப் பொருளோடு சேர்த்துத் தட்டினாலும் எதுவும் ஆகாது. சும்மா வைத்துப் பார்க்கலாம், அல்லது உலையில் போட்டு உருக்கலாம். ஒன்றை உருக்கினால் இருபத்தைந்து வெள்ளித்தூள் கிடைக்கும். பொருளை விரலால் அழுத்திப் பிடித்தால் அது எந்த ஊரில் எந்த நேரத்தில் எடுத்தது என்று சின்ன எழுத்தில் காட்டும்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பனிச் சிறகு. குட்டி ஆளின் முதுகில் அதை மாட்டிவிட்டால் வெள்ளையாக விரிந்து மூடும். அதை வைத்துப் பறக்க முடியாது, ஒரு புல்லைக்கூடப் பிடுங்க முடியாது. ஆனால் நஸ்ரினிடம் அது இருந்தது. என் வகுப்பில் என் பெஞ்சில் உட்காரும் நஸ்ரின். அவள் அத்தா உத்திரமேரூர் பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். கிளிப், பொட்டு, பாசி, தோடு என்று கடை நிறைய மினுமினுப்பு. அத்தனையும் போதாதென்று அவளுக்கென்று தனி டேப் ஒன்று, அதற்குள் சிறகு ஒன்று. சிறகு செய்யப் பத்து ஆந்தை இறகும் முந்நூறு தூளும் வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். சொல்லும்போது தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள். அந்தச் சாய்ப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அவள் கடை பெரிய கோயிலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் இருந்தது. அங்கே உட்கார்ந்த இடத்திலேயே பொருள் கொட்டும். எங்கள் ஊர் மானாம்பதிப் பக்கம். விளையாட்டு செய்தவர்களின் வரைபடத்தில் அது வெறும் பச்சை. பிள்ளையார் கோயில், பால் சொசைட்டி, ஏரிக்கரை எதுவும் அதில் இல்லை. தெருத்தெருவாகச் சுற்றினாலும் குச்சி கிடைக்கும், கூழாங்கல் கிடைக்கும், மழை பெய்தால் ஒரு காளான் கிடைக்கும். உருக்கினால் தூளே வராத சாமான்கள்.

போனும் என் கையில் இருப்பது சாயந்திரம் ஒரு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் அது அம்மாவோடு போய்விடும். அம்மா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்தாள். கார்களுக்குள் போகிற ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கிற வேலை. விடிவதற்கு முன்னால் எங்கள் ஊர்க் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் வந்து இரண்டு முறை ஹாரன் அடிக்கும். ஆறு மணிக்கு ஷிஃப்ட். திரும்ப அதே பஸ்ஸை மூன்று மணிக்குக் கம்பெனி வாசலிலிருந்து எடுப்பார்கள். கம்பெனிக்குள் போன் கூடாது. வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, வெளியே போகும்போதுதான் தருவார்கள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அம்மா எப்படியும் தினமும் அவ்வளவு தூரம் போகிறாள், வருகிறாள். பஸ் ஊருக்கு ஊர் நின்று ஆள் ஏற்றுகிறது. சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போவதற்குப் பதில் எனக்காகப் பொருள் எடுத்து வரலாமே? எப்படி எடுப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன்.

"பஸ்ஸு எங்க நின்னாலும் தொறந்து பாரு. தங்கக் கோடு போட்டது இருந்தா வுடாத."

"வேற வேல இல்ல எனுக்கு," என்றாள் அம்மா. ஆனால் திங்கட்கிழமை சாயந்திரம் பையில் ஒரு துருப்பிடித்த சாவி இருந்தது. வாலாஜாபாத், காலை 5:38.

முதல் பத்து நாள் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பஸ் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது ஒன்று, நெல் மில் வாசலில் ஆள் ஏற்ற நிற்கும்போது ஒன்று. எல்லாவற்றையும்விட ரயில்வே கேட். கேட் போட்டுவிட்டால் பஸ் அசையாமல் நிற்கும். அன்று நல்ல வேட்டை. அம்மாவும் வந்ததும் வராததுமாகக் கதை சொல்வாள்.

"இன்னிக்கி கூட்ஸு வண்டி. பொட்டி பொட்டியா போயிக்கினே கீது, முடியவே மாட்டேங்குது. பஸ்ல எல்லாரும் பேஜாரா கத்தறாங்க. நான் மட்டும் இன்னும் நாலு பொட்டி வரட்டும், இன்னும் நாலு பொட்டி வரட்டும்னு கீறேன். அப்பதான் இந்த யான கெடச்சிது. காத பாத்தியா, எலி கடிச்சா மாதிரி."

அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். எனக்காக வேட்டைக்கு அனுப்பிய ஆள் வேட்டையை ரசிக்க ஆரம்பித்திருந்தாள். பஸ்ஸில் அவளோடு உட்காருகிற நான்கு பெண்களும் அதே விளையாட்டை ஏற்றிக்கொண்டார்கள். யாருக்கு என்ன கிடைத்தது என்று தினமும் பேச்சு. போனைப் பார்த்து அம்மா தனக்குள் சிரித்துக்கொள்வதை நான் பார்த்தேன். என் விளையாட்டைப் பார்த்து. எனக்குக் குச்சியும் கல்லும், அவளுக்கு யானையும் சாவியும். ஊரெல்லாம் சுற்றுவது அவள், வீட்டில் கிடப்பது நான். இந்த அநியாயத்தை யாரிடம் சொல்வது? நைனாவிடம் சொன்னால் போனையே பிடுங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்.

ஒருநாள் அம்மா மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோது, அவள் எடுத்து வந்திருந்த நாக்கில்லாத மணியை உலையில் போட்டேன். 'உருக்கினால் திரும்பக் கிடைக்காது. சம்மதமா?' என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். மணி சிவந்து, வழிந்து, தூளானது. அந்தத் தூளைப் பொறுமையாகச் சேர்த்து வைத்தேனா? அதுவும் இல்லை. அவசரத்தில் ஒரு அம்பு செய்தேன், மறுநாளே அது முறிந்துபோனது.

கைகழுவி வந்து போனை எடுத்ததும் அம்மா கேட்டாள். "மணி எங்க?"

"எனுக்கு தூளு வேணும். அது சும்மாதான கெடந்துது."

"சும்மா கெடந்தா கெடக்கட்டும். அத எடுத்த அன்னிக்கி எவ்ளோ மழ தெரியுமா? பாலத்து மேல பஸ்ஸு நின்னுபோச்சி. ரெண்டு பக்கமும் தண்ணி. அத்தப் போயி..." உலையைத் திறந்து பார்த்தாள். உள்ளே என்ன இருக்கும்?

அன்றுதான் பாகப்பிரிவினை நடந்தது. மேலே நான்கு வரிசை எனக்கு, கீழே இரண்டு வரிசை அவளுக்கு. எனக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. ஐந்துக்கு ஒன்று என்று பேரம் பேசினேன். அழுதேன். சாப்பிட மாட்டேன் என்றேன். துருப்பிடித்த சாவி அவள் பக்கம் போனதற்காக இரண்டு நாள் பேசாமலும் இருந்தேன்.

"ரெண்டு வரிச எனுது," என்றாள் அம்மா. "அதுல கை வெக்காத."

நான் அசந்துபோனேன். அம்மா எதிலும் இப்படிச் சொன்னதே கிடையாது. மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு எனக்கு, தலை நைனாவுக்கு, அவளுக்கு மிச்சம் இருந்தால் இருக்கும். பீரோவில் நைனாவின் பத்திரங்களும் என் யூனிஃபார்மும் போக, அவளுடைய புடவைகள் என் பழைய புத்தக மூட்டைக்கு மேல் மடித்துக் கிடக்கும். கம்பெனியில் தீபாவளிக்குக் கொடுத்த ஸ்வீட் பாக்ஸை அவள் பிரித்துப் பார்த்ததுகூட இல்லை, நான் பிரித்தேன். அப்பேர்ப்பட்டவள் பன்னிரண்டு கட்டத்துக்கு என்னோடு மல்லுக்கு நிற்கிறாள். அதற்காகவே எனக்கு அந்தக் கட்டங்கள் இன்னும் அதிகமாக வேண்டும்போல இருந்தது.

நான் கை வைக்கவில்லை. ஆனால் கண் வைத்தேன். தினமும் போனை வாங்கியதும் முதலில் பார்ப்பது கீழ் இரண்டு வரிசையைத்தான். ஒவ்வொன்றாக நிறைந்துகொண்டு வந்தது. அவள் அவற்றைத் தனக்குப் பிடித்த மாதிரி அடுக்கி வைத்திருந்தாள். யானைக்குப் பக்கத்தில் பொம்மை, பொம்மைக்குப் பக்கத்தில் மூடியில்லாத குங்குமச் சிமிழ். இன்று அடுக்கியதை நாளைக்கு மாற்றி அடுக்கியிருப்பாள். நான் மனத்துக்குள் கணக்குப் போடுவேன். இது இருபத்தைந்து, இது இருபத்தைந்து. இதையெல்லாம் உருக்கினால் என் முதுகில் சிறகு.

அந்தச் செவ்வாய்க்கிழமை அம்மா வழக்கமான நேரத்துக்குத்தான் வந்தாள். முகம் வெயிலில் நின்றதுபோல் கறுத்திருந்தது. வந்தவுடன் புடவையை அலசிப் போட்டாள். ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சட்னி அரைத்தாள். நான் போனைத் திறந்தேன். கீழ் வரிசையின் கடைசிக் கட்டம் நிரம்பியிருந்தது. ஒரு சங்கு. வெள்ளையில் இளஞ்சிவப்புக் கோடு ஓடிய சங்கு, சுற்றிலும் தங்கம். அவ்வளவு அழகான பொருளை நான் அந்த விளையாட்டில் பார்த்ததில்லை. நஸ்ரினிடமும் இல்லை. அழுத்திப் பிடித்தேன்.

மாமல்லபுரம், காலை 10:42.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்ததும் காது சூடாகிவிட்டது. கம்பெனிக்கு என்று சொல்லிவிட்டுப் போனவள் கடலுக்குப் போயிருக்கிறாள். என்னை விட்டுவிட்டு. நான் அதுவரை கடல் பார்த்ததில்லை. முந்தைய வருஷம் பள்ளிக்கூடத்தில் மாமல்லபுரம் கூட்டிப்போனபோது எனக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலைப் படுக்கையில் கிடந்து அழுதேன். நஸ்ரின் போய்வந்து ஒரு வாரம் கடலைப் பற்றியே பேசினாள். அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் மட்டும் பாத்துக்கினேவா கீறேன்? கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வாட்டி பாத்தது. ஒருநாளு ரெண்டு பேரும் சேந்து போலாம்," என்று சொல்லியிருந்தாள்.

கேட்டுவிட்டிருக்கலாம். கேட்டால் கீழ் வரிசையை ஏன் தொட்டாய் என்று அவள் திருப்பிக் கேட்பாள் என்று பயம். தவிர, மனத்துக்குள் வைத்துக் குமைவதில் ஒரு ருசி இருந்தது. ஐந்து நாள் அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். அம்மா தலை வாரிவிட்டால் தலையை இழுத்துக்கொள்வேன். என்னடி என்றால் ஒன்றுமில்லை என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐயங்கார்குளத்தில் அத்தை வீட்டில் காதுகுத்து. நைனாவின் அக்கா, அவருடைய பேரனுக்கு. மூன்று பேரும் பைக்கில் போனோம். அந்த ஊர்க் குளம் கடல் மாதிரி இருக்கும் என்று நைனா சொல்லிக்கொண்டு வந்தார். கடல் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு எரிந்தது. ஆனால் குளம் பெரிது, பக்கத்தில் பெரிய கோயில் வேறு. விளையாட்டில் கட்டாயம் ஏதாவது இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சுற்று சுற்றி வரலாம் என்று போனைக் கேட்டேன்.

அம்மா அத்தையின் மருமகளோடு பந்தல் ஓரம் உட்கார்ந்து போனில் பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். அந்த மருமகள் யானையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"செத்த இரு, தரேன்," என்றாள் அம்மா.

"இப்ப குடு."

"சார்ஜு கம்மியா கீது கண்ணு. சாப்ட்டுட்டு எடுத்துக்கோ."

பந்தி போட்டிருந்தார்கள். நைனா இலையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அத்தை வீட்டு மாமா. அத்தை குழம்பு வாளியோடு நின்றார். இவ்வளவும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தேதான் கத்தினேன்.

"உனுக்கு இன்னா! நீ கம்பெனிக்கு போறேன்னு சொல்லிட்டு கடலுக்கு போயி சங்கு எடுத்துக்கினு வருவ. எனுக்குத்தான் ஒண்ணும் கெடையாது!"

வாளிக்குள் கரண்டி நின்றது. அத்தை முதலில் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவை.

"இன்னாடி சொல்ற நீ? எந்தக் கடலு?"

நான் போனைப் பறித்து, சங்கை அழுத்திப் பிடித்து நீட்டினேன். "பாரு அத்த. ஊரு, டைம்மு எல்லாம் போட்டுக்கீது." அத்தைக்கு அந்தச் சின்ன எழுத்து தெரியவில்லை. மகனிடம் கொடுத்தார். அந்த அண்ணன் நல்ல பிள்ளை, கணக்கு டியூஷன் எடுப்பவர். வகுப்பில் படிப்பதுபோல் தெளிவாகப் படித்தார். மாமல்லபுரம். செவ்வாய்க்கிழமை. காலை பத்து நாற்பத்திரண்டு.

அம்மா எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அன்னிக்கி கம்பெனில டிரான்ஸ்ஃபார்மர் போயிடுச்சி அண்ணி. ஏழு மணிக்கே எல்லாரையும் வெளிய அனுப்பிட்டாங்க. நம்ம பஸ்ஸு மூணு மணிக்குத்தான எடுப்பான்? அதுவரிக்கும் ரோட்ல குந்திக்கினு இருக்கறதுக்கு, செங்கல்பட்டு பஸ்ஸு வந்துது, போயிட்டு வந்தோம். அஞ்சு பேரும் பொம்பளைங்கதான். ரெண்டு மணிக்கெல்லாம் கம்பெனி வாசல்ல வந்து நின்னுட்டோம்."

"போனது தப்புன்னு நான் சொல்லலம்மா," என்றார் அத்தை. நிதானமாகத்தான் சொன்னார். "வூட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா? இத்தினி நாளா சொல்லல பாரு. கொயந்த வந்து சொல்ல வேண்டிதா போச்சி."

பந்தல் முழுக்க அவள் பதிலுக்காகக் காத்திருந்ததுபோல் இருந்தது. நைனா இலையைப் பார்த்தபடி, "ஊத்துக்கா, சோறு ஆறுது," என்றார். அத்தை ஊற்றினார். மறுபடி பேச்சு தொடங்கியது, வேறு பேச்சு.

எனக்குப் போன் கிடைத்துவிட்டது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை. குளக்கரையை முழுதாகச் சுற்றி வந்து இரண்டு மீன் செதிலும் ஓர் ஆந்தை இறகும் எடுத்தேன். அம்மா கொண்டுவந்தவற்றோடு சேர்த்து இறகு பத்தாகிவிட்டது, தூள்தான் இல்லை. திரும்பி வரும்போது பைக்கில் நான் நடுவில். முன்னால் நைனா பேசவில்லை, பின்னால் அம்மா பேசவில்லை. நான் போனை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு விளையாடிக்கொண்டே வந்தேன். வாழ்க்கையில் முதன்முதலாகச் சார்ஜ் தீரும்வரை விளையாடினேன்.

நைனா கத்தினாரா, அடித்தாரா என்றால் அதெல்லாம் இல்லை. அம்மா சொன்னதை அவர் நம்பினார் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். யார் யார் போனீர்கள் என்று ஒருமுறை கேட்டார், அம்மா பேர் சொன்னாள், தலையாட்டினார். ஆனால் அத்தையின் போன் இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "கடலு எப்டி கீது, நல்லா கீதா?" என்று அம்மாவைச் சிரித்துக்கொண்டே கேட்டார். பால் சொசைட்டியில் நைனாவிடம் யாரோ ஏதோ கேட்டிருக்கிறார்கள். பாலை ஊற்றாமலே திருப்பிக் கொண்டுவந்தார்.

ஒரு சாயந்திரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே நைனா சொன்னது என் காதில் விழுந்தது. "பொண்ணு பெருசாவுது. வூட்ல ஒரு ஆளு இருந்தா நல்லதுதான?" அம்மா வைக்கோலை உதறி மாட்டுக்கு முன்னால் போட்டுவிட்டு, "நல்லதுதான்," என்றாள். இருவரும் என் பக்கம் பார்த்தார்கள். எனக்காகத்தான் இத்தனையும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமையைவிடப் பெரிதாக இன்னொன்று தோன்றியது. இனிமேல் போன் நாள் முழுக்க வீட்டில் இருக்கும்.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அம்மா வேலைக்குப் போகவில்லை. கம்பெனியில் புடவைக்கு மேல் போடுகிற கோட்டைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்தனுப்பினாள். அந்த வாரம் ஒரு மத்தியானம் அவள் தோட்டத்துக் கதவு நிலைப்படியில் உட்கார்ந்து போனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு முறை போய்க் கேட்டேன். இரு என்றாள். மூன்றாவது முறை அவளே கூப்பிட்டாள்.

"இந்தா. கேட்டுக்கினே இருந்தியே."

குட்டி ஆளின் முதுகில் சிறகு விரிந்திருந்தது. பனி வெள்ளை. நஸ்ரினுடையது போலவேதான், ஆனால் என்னுடையது என்பதால் இன்னும் வெள்ளையாக. பையைத் திறந்தேன். கீழ் இரண்டு வரிசையும் காலி. யானை இல்லை, பொம்மை இல்லை, சிமிழ் இல்லை. சங்கும் இல்லை.

"உனுது எல்லாம் எங்கம்மா?"

"அத்தல்லாம் வெச்சிக்கினு இன்னா பண்றது? இனிமே ஆறு வரிசயும் உனுது."

நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தேன். கடைசியில் நான்தான் ஜெயித்தேன். ஒவ்வொரு பொருளையும் உலையில் போடும்போது அந்த விளையாட்டு நின்று சம்மதமா என்று கேட்கும். பன்னிரண்டு முறை கேட்டிருக்கும். பன்னிரண்டு முறை அவள் ஆம் என்று அழுத்தியிருப்பாள். இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றியது, நாளைக்கு நஸ்ரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான்.

அந்த விளையாட்டில் தெரிந்தவர்களின் குட்டி ஆளையும் பார்க்கலாம். நஸ்ரின் தன் டேப்பில் என் சிறகைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். தலையைச் சாய்க்கவில்லை.

"இவ்ளோ தூளு ஏது உனுக்கு?"

"எங்கம்மா குடுத்தாங்க. அவங்க சேத்து வெச்சது."

"எங்கம்மால்லாம் இத்த தொடவே மாட்டாங்க," என்றாள். அவள் குரலில் இருந்தது என்னவென்று எனக்கு உடனே தெரிந்தது. அந்தச் சரக்கு எனக்குப் பழக்கமானதுதானே. ஆனால் சிறகைப் பார்த்துத்தான் அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது கல்லூரி பஸ்ஸில் அதே பாலத்தையும் அதே ரயில்வே கேட்டையும் தினமும் தாண்டுகிறேன். கேட் போட்டிருந்தால் கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கெல்லாம் வெகுநாள் முன்னால், சிறகு வந்து ஒரு வாரத்துக்குள் நடந்தது.

ஆறு வரிசையும் என்னுடையதாகி, நாள் முழுக்கப் போனும் என்னிடம் இருந்ததா? விடுமுறை நாளில் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். முப்பத்தாறு கட்டத்தையும் குச்சியும் கல்லும் அடைத்துக்கொண்டன. தங்கக் கோடு ஒன்றுகூட வரவில்லை. சிறகு வைத்துக்கொண்டு பச்சையில் நின்றுகொண்டிருந்தான் குட்டி ஆள். எனக்குச் சலித்துப்போனது.

மறுநாள் விடியற்காலையில் எனக்கு விழிப்பு வந்தபோது அம்மா எழுந்து அடுப்பங்கரையில் இருந்தாள். வேலை இல்லாவிட்டாலும் அதே நேரத்துக்கு எழுந்துவிடுவாள். தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு, யாருக்கும் கட்டாத டிபன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூட்டுரோட்டில் பஸ் வந்து இரண்டு முறை ஹாரன் அடித்தது. எனக்குச் சட்டென்று அந்தப் பழைய யோசனை மறுபடி வந்தது. போனை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"மா, ஒரே ஒரு நாளு கம்பெனி பஸ்ல போயிட்டு வாயேன். ரயில்வே கேட்டாண்ட ஏதாவது கெடச்சா எனுக்கு எடுத்துக்கினு வா."

அம்மா என்னைப் பார்த்தாள். கையில் டிபன் பாக்ஸ் மூடி இருந்தது. பஸ் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டு முடியும்வரை அப்படியே நின்றாள். பிறகு மூடியைப் போட்டு அழுத்தி, பாக்ஸைப் பரணில் ஏற்றிவிட்டு, "போயி பல்ல வெளக்கு," என்றாள்.

இவ்வளவு சின்ன உதவியைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறாளே என்று எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது.